ஆணுறை கிழிந்துவிட்டது, பக்கத்து ஃபார்மசியில் தெரிந்த முகம்

கேள்வி: டாக்டர், நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வயது 31, எடை 78 கிலோ. மூத்தவனுக்கு 4 வயது. சின்னவளுக்கு 7 மாதம், ஆபரேஷனில் பிறந்தாள். தாய்ப்பால் கொடுக்கிறேன், கஞ்சியும் ஆரம்பித்துவிட்டேன். பிரசவத்துக்குப் பிறகு இன்னும் பீரியட் வரவில்லை. கணவருக்கு ஜொகூரில் ஃபேக்டரி வேலை, மாதத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வருவார். சனிக்கிழமை ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது. முடிந்த பிறகுதான் கவனித்தோம். கொஞ்சம் வறட்சியாக இருந்ததால் பிள்ளைக்குத் தேய்க்கும் எண்ணெயைத் தடவியிருந்தோம். உடனே எழுந்துபோய் சிரே வாஷ் (வெற்றிலைச் சாறு கலந்த கழுவுநீர்) போட்டு உள்ளே வரை கழுவினேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு முழு அன்னாசியையும் தின்றேன். "பால் கொடுக்கிறாய், ஒரு தடவைதானே, ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிட்டுக் கணவர் பஸ் ஏறிவிட்டார். டவுனில் இருக்கும் ஃபார்மசியில் என் நாத்தனாரின் தோழி வேலை செய்கிறாள். அங்கே போய் எப்படிக் கேட்பது? மாத்திரை சாப்பிட்டால் பால் கெட்டுவிடுமா? என் பெயர் வேண்டாம்.

பதில்: உங்கள் செய்தி திங்கட்கிழமை காலை என் போனுக்கு வந்தது. அச்சில் வரும்வரை காத்திருக்கக்கூடிய கேள்வி இல்லை என்பதால் அப்போதே சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன்: இன்றைக்கே மாத்திரை வாங்கிப் போடுங்கள், பாலூட்டுவதை நிறுத்த வேண்டாம், மூன்று வாரம் கழித்துக் கர்ப்பச் சோதனை செய்யுங்கள். உங்கள் நிலையில் இன்னும் பல பெண்கள் இருக்கிறார்கள் என்பதால், உங்கள் அனுமதியோடு இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே சிக்கல் உள்ளவர்கள் யாராவது படிக்கிறீர்கள், நடந்து இன்னும் 5 நாள் ஆகவில்லை என்றால், அடுத்த சில பத்திகளை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புங்கள். மிச்சத்தை வந்து படித்துக்கொள்ளலாம்.

அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 72 மணி நேரம் அவகாசம் என்பது பலருக்குத் தெரிந்திருக்கிறது. கோளாறும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. "மூன்று நாள் இருக்கிறதே, நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிவிடுகிறார்கள். 72 மணி என்பது கடைசிக் கோடு. அதற்கு முன்னாலேயே, ஒவ்வொரு மணி நேரமும் பலன் குறைந்துகொண்டுதான் வரும். இந்த மாத்திரையின் வேலை, கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவது. விந்தணு பெண் உடம்புக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கக்கூடியது. அந்த நாட்களில் முட்டை வராமல் பார்த்துக்கொண்டால் கரு உண்டாக வழியில்லை. முட்டை வெளிவந்துவிட்டாலோ, வெளிவரும் தறுவாயில் இருந்தாலோ, மாத்திரையால் ஒன்றும் செய்ய முடியாது. இது கருவைக் கலைக்கும் மருந்து இல்லை. ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் அதற்குக் கெடுதலும் செய்யாது. "பாவம் செய்கிறேனோ" என்று தயங்கும் அம்மாக்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் மருந்தைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது, கவுண்டரில் நிற்கும் பெண்ணைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. சனி ராத்திரியிலிருந்து திங்கள் காலை வரை போனது இரண்டாவது கேள்வியில்தான். தோட்டப்புற ஊர்களில் நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. மருந்து எட்டும் தூரத்தில் இருக்கும், அதற்கு முன்னால் தெரிந்த முகம் ஒன்று நிற்கும். அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற இந்த மருந்து போஸ்டினோர்-2, எஸ்கபெல் போன்ற பெயர்களில் கிடைக்கிறது. மலேசியாவின் 1952-ஆம் ஆண்டு நஞ்சுப்பொருள் சட்டப்படி இது சி பிரிவு மருந்து. அதாவது டாக்டர் சீட்டு தேவையில்லை, ஆனால் பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே காசு வாங்கும் பெண்ணிடம் நீங்கள் எதையும் விளக்க வேண்டிய அவசியமே இல்லை. "ஃபார்மசிஸ்ட்டைப் பார்த்து ஒரு மருந்து பற்றிக் கேட்கணும்" என்றால் போதும். பிரஷர் மருந்துக்கும் தோல் அரிப்புக்கும் வருகிறவர்கள் தினமும் சொல்கிற வார்த்தைதான் அது. ஃபார்மசிஸ்ட் உங்கள் பெயர், விலாசம் எழுதிக்கொள்வார். பயப்பட வேண்டாம், அது சட்டத்துக்காக வைக்கும் பதிவு. அதை வெளியே பேசுவது அவர் தொழில் தர்மத்துக்கு விரோதம். போவதற்கு முன் கடைக்குப் போன் போட்டு, ஃபார்மசிஸ்ட் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் இல்லாத நேரத்தில் கடை திறந்திருந்தாலும் இந்த மருந்தை விற்க முடியாது. சின்ன டவுன்களில் சாப்பாட்டு நேரத்திலும் அவருடைய ஓய்வு நாளிலும் இப்படி வெறுங்கையோடு திரும்பி வருகிறவர்கள் உண்டு.

அந்தக் கடை வேண்டவே வேண்டாம் என்றால் சாதாரணத் தனியார் கிளினிக்குக்குப் போங்கள். நம் நாட்டில் தனியார் டாக்டர்களே மருந்தும் கொடுத்து அனுப்புகிறார்கள். கையில் வைத்திருக்கிறார்களா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கவுண்டரில் "பெண்கள் விஷயம், டாக்டரிடம் பேசணும்" என்றால் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். அதுவும் சங்கடம் என்றால் கோலகங்சார் இருக்கிறது, ஈப்போ இருக்கிறது. ஆனால் ஈப்போ போக ஆள் கிடைக்கவில்லை என்று இன்னொரு நாளைக் கழிப்பதைவிட நாத்தனாரின் தோழி பார்த்தாலும் பரவாயில்லை. உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது, கையில் 7 மாதக் குழந்தை. அடுத்த குழந்தைக்கு இடைவெளி விடுவதில் மறைக்க என்ன இருக்கிறது?

கணவரும் வாங்கி வரலாம். ஃபார்மசிஸ்ட் உங்களோடு போனில் இரண்டு வார்த்தை பேச விரும்புவார், அவ்வளவுதான். "ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவதற்கு முன் அந்த ஒரு வேலையை அவர் முடித்துக் கொடுத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

போனில் ஆர்டர் போட்டு வாங்காதீர்கள். பார்சல் வருவதற்குள் உங்கள் நேரம் முடிந்துவிடும் என்பது ஒன்று. வருவது என்ன மருந்து என்று யாருக்கும் தெரியாது என்பது இன்னொன்று. பதிவு பெற்ற மருந்துப் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும்.

சரி, அளவுக்கு வருவோம். மொத்தம் 1.5 மில்லிகிராம். ஒரே மாத்திரையாக இருந்தால் ஒன்று. போஸ்டினோர்-2 என்றால் 0.75 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, இரண்டையும் ஒன்றாகவே போட்டுக்கொள்ளலாம். 12 மணி நேரம் கழித்து இரண்டாவதைப் போடும் பழைய முறையில் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். மாத்திரை போட்டு 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடியும் முழு அளவு தேவைப்படும். குமட்டல், தலைவலி, இடையில் கொஞ்சம் ரத்தக்கசிவு வரலாம், தானாகப் போய்விடும்.

எடையைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. உடல் எடை கூடும்போது இந்த மருந்தின் பலன் குறைகிறது. பிரிட்டன் மருத்துவ வழிகாட்டி 70 கிலோவுக்கு மேல் உள்ளவர்களுக்கு இரட்டை அளவை, அதாவது 3 மில்லிகிராமை யோசிக்கச் சொல்கிறது. ஆகவே 78 கிலோ என்பதை ஃபார்மசிஸ்ட்டிடம் வெட்கப்படாமல் சொல்லி, எவ்வளவு போட வேண்டும் என்று கேளுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிட்டோயின், கார்பமாசெபின் போன்றவற்றைச் சாப்பிடுகிறவர்களும் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அவை இந்த மாத்திரையின் வீரியத்தைக் குறைத்துவிடும்.

பால் கெடாது. மருந்தில் மிகக் கொஞ்சம்தான் பாலில் சேரும். பாலூட்டும் தாய்மார்கள் இதைச் சாப்பிடலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. பெட்டிக்குள் இருக்கும் தாளில் 8 மணி நேரம் பால் கொடுக்க வேண்டாம் என்று போட்டிருந்தால் குழம்பிப்போகாதீர்கள், கம்பெனிகள் கூடுதல் எச்சரிக்கையோடு எழுதுவார்கள். மனசு கேட்கவில்லையா, குழந்தைக்கு வயிறு நிறையக் கொடுத்துவிட்டு உடனே மாத்திரையைப் போடுங்கள். யூலிப்ரிஸ்டல் என்று இன்னொரு மாத்திரை உண்டு, 5 நாள் வரை வேலை செய்யும். ஆனால் அதைச் சாப்பிட்டால் ஒரு வாரம் பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்வார்கள். அதனால் உங்களுக்கு முதல் தேர்வாக அதை நான் சொல்லவில்லை.

மாத்திரையைவிட உறுதியான வழி, 5 நாளுக்குள் கருப்பையில் காப்பர் சாதனம் வைத்துக்கொள்வது. நம் பாட்டிமார் லூப் என்பார்களே, அதன் வழித்தோன்றல். பலன் 99 சதவீதத்துக்கு மேல், எடையும் குறுக்கே வராது, அப்படியே விட்டால் பல வருஷத்துக்குக் கருத்தடையாகவும் இருக்கும். மாத்திரையில் 100 பேருக்கு ஏறக்குறைய 2 பேர் கருத்தரித்துவிடுகிறார்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் எல்லா கிளினிக்கிலும் நினைத்த நேரத்தில் வைத்துவிட மாட்டார்கள். மகப்பேறு டாக்டரிடமோ, எல்பிபிகேஎன் என்ற தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் நடத்தும் நூர் செஜாத்தெரா கிளினிக்கிலோ முன்கூட்டிக் கேட்க வேண்டும். சிசேரியன் ஆனவர்களும் வைத்துக்கொள்ளலாம். அந்த இடம் கிடைக்கும்வரை மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி கணவர் சொன்ன "பால் கொடுக்கிறாய், ஒன்றும் ஆகாது". அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. பாலூட்டுவது கருத்தரிப்பைத் தடுக்கும், ஆனால் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்: குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருக்கக் கூடாது, ராத்திரி பகல் பாராமல் தாய்ப்பால் மட்டுமே குடிக்க வேண்டும், பீரியட் திரும்பியிருக்கக் கூடாது. உங்கள் மகளுக்கு 7 மாதம், கஞ்சியும் சாப்பிடுகிறாள். இரண்டு காவல் போய்விட்டது. பீரியட் வரவில்லை என்பதும் பெரிய ஆறுதல் இல்லை, ஏனென்றால் முதலில் முட்டை வெளிவரும், அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் பீரியட் வரும். பிரசவத்துக்குப் பிறகு ஒரு பீரியட்டைக்கூடப் பார்க்காமலேயே அடுத்த குழந்தைக்கு வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களைத் தாய் சேய் கிளினிக் மிஸ்ஸிகளிடம் (நர்ஸ்களிடம்) கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

கழுவியதால் பலன் இல்லை. விந்தணுக்கள் சில நிமிடங்களிலேயே கருப்பை வாயைத் தாண்டிவிடும். சிரே வாஷ், டெட்டால், எலுமிச்சை, குளிர்பானம் என்று எதை உள்ளே விட்டாலும் மெல்லிய தோல் எரிந்து கிருமி தொற்றத்தான் வழியாகும். அடுத்த தடவை இப்படி ஆனால் வெளியே தண்ணீரால் கழுவுங்கள், சிறுநீர் கழியுங்கள், கிழிந்த துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று சுத்தமான விரலால் பாருங்கள். அது போதும்.

அன்னாசி பற்றி என்ன சொல்ல. நல்ல பழம், தின்றதில் தப்பில்லை. கருவைத் தடுக்காது. பப்பாளிக்காய், எள்ளுருண்டை, கருஞ்சீரகம் எல்லாம் அப்படித்தான். ஆனால் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் போனிலும் "மாதவிடாய் வரவழைக்கும்" என்று விற்கும் ஜாமு என்ற மூலிகை மருந்து, மாத்திரைகள் பக்கம் மட்டும் போகாதீர்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் சாப்பிட்டுவிட்டுக் கட்டுக்கடங்காத ரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் வயிற்றில் தையல் ஆறிக்கொண்டிருக்கும் ஆள்.

ஆணுறை ஏன் கிழிந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்த எண்ணெய்தான். சாதாரண ஆணுறை ரப்பர் பாலில் செய்தது. எண்ணெய் பட்ட ஒரு நிமிடத்திலேயே அதன் வலு பெருமளவு போய்விடும். பிறந்தநாள் பலூனில் எண்ணெய்க் கையை வைத்துப் பாருங்கள், தெரியும். பேபி ஆயில், தேங்காய் எண்ணெய், வாஸலின், பாடி லோஷன் எதுவும் ஆகாது. தண்ணீர் அடிப்படையிலான ஜெல் ஃபார்மசியில் கிடைக்கும், அதைத்தான் தடவ வேண்டும். வறட்சிக்கும் காரணம் உண்டு: பாலூட்டும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் பல பெண்களுக்கு இப்படி ஆகும். உங்களுக்கு ஆசை குறைந்துவிட்டது என்றோ, அவர் மேல் பிரியம் போய்விட்டது என்றோ அர்த்தமில்லை. இதையும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

மற்ற காரணங்களும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். பர்ஸிலும், வெயிலில் நிற்கும் மோட்டார் சீட்டுக்கு அடியிலும் மாதக்கணக்கில் வைத்திருப்பது. பல்லால் பாக்கெட்டைக் கிழிப்பது. நுனியில் உள்ள காற்றைப் பிடித்து வெளியேற்றாமல் போடுவது. இரட்டைப் பாதுகாப்பு என்று இரண்டைப் போடுவது, ஒன்றோடொன்று உரசி இரண்டும் கிழியும். தேதி பார்க்காமல் வாங்குவது. உலகத்திலேயே அதிகமாக ஆணுறை தயாரிக்கும் கேரெக்ஸ் நிறுவனம் நம் போர்ட் கிள்ளானில்தான் இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து பால் மரம் சீவிய குடும்பங்கள் நாம். அப்படியிருந்தும் ஒரு பெட்டியைக் கவுண்டரில் வைக்கும்போது மேலே பிஸ்கட் பாக்கெட்டைப் போட்டு மூடுகிறோம்.

நீங்கள் கேட்காத இன்னொன்று. உங்கள் கணவரைச் சந்தேகப்பட்டுச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இதைப் படிக்கும் எல்லாருக்குமாகச் சொல்கிறேன். ஆணுறை தடுத்து வந்தது கர்ப்பத்தை மட்டும் இல்லை. எதிர்த்தரப்பின் நிலை தெரியாதபோது ஆணுறை கிழிந்தால், எச்ஐவியைத் தடுக்கும் பெப் மருந்துக்கும் அதே 72 மணி நேரம்தான் எல்லை. இதிலும் சீக்கிரம் ஆரம்பிப்பதே நல்லது. அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் கேட்க வேண்டும், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கிளமிடியா, கொனோரியாவுக்கு 2 வாரம் கழித்துச் சோதனை. எச்ஐவிக்கு 6 வாரத்தில் ஒன்று, 3 மாதத்தில் ஒன்று, சிஃபிலிஸுக்கும் 3 மாதம். அரசாங்க கிளினிக்கில் பெயர் சொல்லாமலேயே எச்ஐவி சோதனை செய்துகொள்ளலாம். ஹெப்படைடிஸ் பி ஊசி 1989-லிருந்து நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்கள் போட்டிருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் ஆகாத தங்கைகளுக்கும் மருந்து இதேதான், நேரமும் இதேதான். ஃபார்மசிஸ்ட் மருந்து கொடுக்கக் கல்யாணச் சான்றிதழ் கேட்பதில்லை. யாராவது பலவந்தம் செய்திருந்தால் நேரே அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய் ஓஎஸ்சிசி என்று சொல்லுங்கள். சிகிச்சை, கருத்தடை மாத்திரை, சோதனை, போலீஸ் உதவி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணுக்கும் எந்நேரமும் போன் செய்யலாம்.

இனி உங்கள் அடுத்த மூன்று வாரம். மற்றவர்களுக்கு "பீரியட் ஒரு வாரம் தள்ளினால் சோதனை செய்" என்போம். உங்களுக்கு அந்த அளவுகோலே இல்லை. அதனால் அந்தச் சனிக்கிழமையிலிருந்து சரியாக 21-ஆம் நாள், காலைச் சிறுநீரில் சோதனை செய்யுங்கள். இரண்டு கோடு வந்தால் பதறாமல் உடனே டாக்டரைப் பாருங்கள். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, மயக்கம், தோள்பட்டை வலி வந்தால் தேதியெல்லாம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கரு குழாயில் தங்கியிருக்கக்கூடும். பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் குறைந்தது 24 மாத இடைவெளி நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. சிசேரியன் ஆனவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தாயின் உயிருக்கோ, உடல், மன நலத்துக்கோ அதிக ஆபத்து என்று டாக்டர் கருதினால் கர்ப்பத்தை முடித்துக்கொள்ள தண்டனைச் சட்டம் 312-ஆம் பிரிவு 1989 திருத்தத்திலிருந்து இடம் கொடுக்கிறது. "நம் நாட்டில் எதற்கும் வழியில்லை" என்பது தப்பான பேச்சு. ஆனால் அதையெல்லாம் இப்போதே நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் போட்ட மாத்திரை நடந்துபோனதற்குத்தான். கணவர் அடுத்த தடவை வரும்போது அது காப்பாற்றாது. 9-ஆம் மாத எம்எம்ஆர் ஊசிவரை காத்திருக்காமல் இந்த வாரமே தாய் சேய் கிளினிக்குக்குப் போய், பால் கொடுக்கும்போது ஒத்துவரும் வழிகளைப் பற்றி மிஸ்ஸியிடம் பேசுங்கள்: மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் ஊசி, தினமும் சாப்பிடும் மினி பில், கையில் வைக்கும் இம்ப்ளான்ட், காப்பர் சாதனம். கணவர் மாதத்தில் இரண்டு தடவைதான் வருகிறார் என்பதால் தினமும் மாத்திரை சாப்பிடுவது உங்களுக்கு அலுத்துப்போகும், ஊசியோ காப்பரோ பொருந்தும் என்று நினைக்கிறேன். முடிவு உங்களுடையது. ஊசி, பில், இம்ப்ளான்ட் எது ஆரம்பித்தாலும் முதல் 7 நாள் ஆணுறையும் சேர வேண்டும். அந்தப் பெட்டியையும் ஜெல்லையும் ஜொகூரிலிருந்து வரும்போது அவரையே வாங்கிவரச் சொல்லுங்கள்.